கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் கறை பிடித்த இரும்பும்

வீடு வீடாக வந்து தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் செய்துகாட்டும் ஒரு வேடிக்கை நம் தாய்மார்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கருவி ஒன்றை இரண்டிலும் இறக்கிவிட்டு, ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் தண்ணீர் பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, மேலே அழுக்கு நுரை கட்டும். அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். "பார்த்தீர்களா அம்மா, இத்தனை நாளாக உங்கள் பிள்ளைகள் குடித்தது இந்த விஷத்தைத்தான்" என்பார்.

அந்தப் பழுப்பு நிறம் நம் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. அவருடைய கம்பியிலிருந்து வந்தது. ஒவ்வொரு தம்ளரிலும் இறங்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து தண்ணீரில் இறங்குகிறது, துருவாகிறது. தண்ணீரில் உப்புகள் இருந்தால்தான் மின்சாரம் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி கரைவதில்லை, தண்ணீரும் தெளிவாகவே இருக்கிறது. அடுத்த முறை யாராவது வந்தால், அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். (இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த விளையாட்டு அது.)

ஊரை ஏமாற்றப் பயன்படும் இதே வேலை, அதாவது மின்சாரத்தால் இரும்பைத் தண்ணீரில் கரைப்பது, மேற்கு வங்காளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் குடிநீரிலிருந்து உண்மையான விஷத்தைப் பிரித்தெடுக்கப் பயன்பட்டிருக்கிறது. அந்த விஷத்தின் பெயர் ஆர்செனிக். அதைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்கு இரண்டு காரணங்கள். வங்காளம், பீகார் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நம் ஊரில் தங்கியிருக்கும் சகோதரர்கள் இன்று நம் பள்ளிவாசல் வரிசைகளில் நம்மோடு நிற்கிறார்கள். அவர்களுடைய ஊர்க் கிணறுகளின் கதை இது. மற்றொன்று, "என் தாயார் பெயரில் வடநாட்டில் ஒரு குழாய்க்கிணறு போட வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வருபவர்கள் நம்மிடையே உண்டு. தண்ணீர் கொடுப்பது இறந்த பின்னும் நன்மை தொடரும் தர்மம் என்று நம்பித் தருகிற பணம் அது. அந்தப் பணம் போய்ச் சேரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்கும் பொறுப்பு இருக்கிறது.

பழைய சரக்கு, பழைய பெயர்

ஆர்செனிக் என்ற பெயரைக் கேட்டு அந்நியமாக நினைக்க வேண்டாம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் தாளகம், மனோசிலை என்று சொல்லப்படும் மஞ்சள், சிவப்புக் கற்கள் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்செனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தது. தாளகத்துக்கு அரபு மொழியில் ஸிர்னீக் என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஆர்செனிக் என்ற ஐரோப்பியப் பெயரும் அதே வேரிலிருந்து கிரேக்கம் வழியாகப் போனதுதான்.

பாஷாணம் என்றால் உடனே ஆளைக் கொல்வது என்றுதான் நமக்குத் தெரியும். தண்ணீரில் கலந்து வருவது அப்படி இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. குடித்த அன்று ஒன்றும் செய்யாது, அடுத்த வருடமும் செய்யாது. ஐந்து, பத்து வருடம் தொடர்ந்து குடித்த பிறகு மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோலக் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, முண்டு முண்டாகச் சொரசொரக்கும். இன்னும் போனால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய்.

உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை, ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 சொல்வதும் அதே 0.01 மில்லிகிராம்தான். இது எவ்வளவு சிறியது என்று பார்க்க, மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகளை ஆயிரம் எண்ணிக்கையில் அடுக்கி வையுங்கள். அத்தனையிலும் சேர்த்துப் பத்து கிராம் ஆர்செனிக் கரைந்திருந்தால் நாம் எல்லையில் நிற்கிறோம். வங்காளத்தின் பல கிணறுகளில் இதைப்போல இருபது, முப்பது மடங்கு இருந்தது.

நல்லெண்ணத்தில் தோண்டிய கிணறுகள்

வங்காளத்து மக்கள் ஒரு காலத்தில் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும்தான் குடித்தார்கள். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதனால் 1970களில் யூனிசெஃப் போன்ற நிறுவனங்களும் அரசும் முனைந்து கைப்பம்பு வைத்த குழாய்க்கிணறுகளைப் போட்டன. பிறகு மக்களே கடன் வாங்கியும் சேமித்தும் வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டார்கள். கிருமியில்லாத தண்ணீர் வந்தது. எவ்வளவோ குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் புள்ளிகளையும் தடிப்புகளையும் பார்த்து, இது தண்ணீரில் வந்த ஆர்செனிக் என்று அவர் கண்டுகொண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி அதன்பின் பல வருடம் கிராமம் கிராமமாக அலைந்து கிணறுகளைச் சோதித்தார். வங்காளதேசத்தில் 1993இல் சாப்பாய் நவாப்கஞ்சில் முதலில் தெரியவந்தது. 2002இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலும். வங்காளதேச அரசு பிறகு நடத்திய சோதனையில் ஏறக்குறைய 50 லட்சம் குழாய்க்கிணறுகள் பார்க்கப்பட்டன; அந்நாட்டு எல்லையான 50 மைக்ரோகிராமைத் தாண்டியவை சுமார் 14 லட்சம். தாண்டிய கிணற்றின் வாயில் சிவப்பு வண்ணம், தாண்டாததில் பச்சை. சிவப்புக் கிணற்றில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. இந்த நஞ்சு தோல் வழியாக உள்ளே போவது மிகச் சொற்பம். வயிற்றுக்குள் போவதில்தான் ஆபத்து. சோறு வேகும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் உலைத்தண்ணீரும் குடிதண்ணீர்க் கணக்கில்தான் வரும்.

நோயைவிடப் பெரிய கொடுமை ஒன்றும் அங்கே நடந்தது. உள்ளங்கைத் தடிப்பைக் குஷ்டம் என்று நினைத்து ஒதுக்கினார்கள். பெண்களுக்கு வரன் அமையவில்லை, மணமானவர்கள் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இது தொற்றுநோய் அல்ல. ஒரே பாத்திரத்தில் சாப்பிடலாம், தோளோடு தோள் நின்று தொழலாம். நம் ஊரில் கட்டட வேலை செய்யும் வங்காளத்துச் சகோதரர் யாருடைய கையிலாவது இப்படிப் பார்த்தால், தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதைவிட முக்கியம், அவருடைய ஊரில் மனைவி மக்கள் இன்னும் அந்தக் கிணற்றையே குடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அந்தத் தண்ணீரை நிறுத்துவதும் நல்ல சத்தான சாப்பாடும்தான் முதல் வைத்தியம்.

எலக்ட்ரான் போனால் ஒட்டும், வந்தால் ஓடும்

இத்தனை விஷம் மண்ணுக்குள் எங்கிருந்து வந்தது? யாரும் கொட்டியதல்ல. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடித்துக்கொண்டு வந்த வண்டல் மண்ணில், மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய இரும்புத் துரு படிந்திருக்கிறது. அந்தத் துருவில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துரு துருவாக இருக்கிறவரை அது அசையாது.

இங்கே கொஞ்சம் வேதியியல் பேசியாக வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், போதும். இரும்புக்கு இரண்டு நிலைகள் உண்டு. மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்புதான் துரு. அது தண்ணீரில் கரையாது. அதற்கு ஓர் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு மட்டும் இழந்த இரும்பாகி, தண்ணீரில் கரைந்துவிடும். வங்காள மண்ணின் ஆழத்தில் மக்கிய இலைதழைகள் புதைந்து கிடக்கின்றன. அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள், சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில், தங்களிடம் மிஞ்சும் எலக்ட்ரான்களைத் துருவின் மேல் தள்ளிவிடுகின்றன. துரு கரைகிறது. ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுதலையாகித் தண்ணீரில் இறங்குகிறது. கைப்பம்பு அதை மேலே கொண்டுவருகிறது.

ஆர்செனிக்குக்கும் இரண்டு நிலைகள். ஐந்து எலக்ட்ரான் இழந்த வடிவத்துக்கு ஆர்செனேட் என்று பெயர். மூன்று இழந்த வடிவம் ஆர்செனைட். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நாம் குடிக்கிற தண்ணீர் போன்ற, புளிப்பும் காரமும் அதிகமில்லாத தண்ணீரில் ஆர்செனேட் எதிர்மின்சுமை தாங்கியிருக்கும். அதனால் துருவின் மேல் சட்டென்று ஒட்டும். ஆர்.ஓ. சவ்வும் அதை நன்றாகத் தடுக்கும். ஆர்செனைட்டோ எந்த மின்சுமையும் இல்லாமல் நிற்கும். தண்ணீர் நல்ல காரமாகி 9க்கு மேல் போனால்தான் அது சுமை ஏற்கும். சுமையில்லாததால் துருவிடமும் அவ்வளவாக ஒட்டாது, சவ்வின் வழியாகவும் ஒரு பகுதி நழுவிவிடும். இரண்டில் நச்சுத்தன்மை அதிகமுள்ளதும் இதுவே. ஆக்சிஜன் இல்லாத ஆழத்துத் தண்ணீரில் பெரும்பாலும் இருப்பதும் இதுவே.

ஆகவே எந்த முறையில் சுத்தம் செய்தாலும் முதல் வேலை, ஆர்செனைட்டிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கி அதை ஆர்செனேட்டாக மாற்றுவது. மின்வேதியியலில் இந்த மாற்றத்துக்கு ஓர் அளவு சொல்வார்கள்: அமிலக் கரைசலில் 0.56 வோல்ட். பெரிய அளவல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனாலேயே கணக்குப்படி முடியும். ஆனால் கணக்கில் முடிவது வேறு, நேரத்தில் முடிவது வேறு. வெறும் காற்றுபட்டு ஆர்செனைட் மாறுவதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். அடுப்பில் உலை வைத்துவிட்டு அதுவரை யார் காத்திருப்பது?

இந்த இடத்தில்தான் இரும்பு கைகொடுக்கிறது. தண்ணீரில் கரைந்த இரும்பு காற்றுபட்டுத் துருவாக மாறும்போது, நடுவில் ஒரு கணம் மிக முரட்டுத்தனமான பொருள்கள் சில பிறக்கின்றன. அவை பக்கத்தில் உள்ள ஆர்செனைட்டிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துவிடுகின்றன. ஆர்செனைட் ஆர்செனேட்டாகிறது, அதே நேரத்தில் பிறந்த புதுத் துரு அதைத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. மண்ணுக்கு அடியில் நுண்ணுயிர்கள் செய்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிச் செய்வது இது.

குஷ்தியாவின் வாளி, தப்தபியின் தகடு

இதைக் கையில் எடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அபுல் ஹுஸ்ஸாம். வங்காளதேசத்தின் குஷ்தியாக்காரர். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அவருடைய துறையே மின்வேதியியல். தண்ணீரில் ஆர்செனிக்கை அளப்பதில்தான் அவர் முதலில் இறங்கினார். கம்பி ஒன்றின் மேல் மின்சாரத்தால் ஆர்செனிக்கைப் படிய வைத்து, பிறகு மின்னழுத்தத்தை மாற்றி அதை உரித்தெடுத்தால், உரியும்போது ஓடும் மின்னோட்டமே எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடும். தங்கக் கம்பியில் இது நன்றாக வரும். இப்படிச் சொந்த ஊர்க் கிணறுகளை அளந்து பார்த்த மனிதர், அளந்ததோடு நிற்கவில்லை. மருத்துவரான தம் சகோதரர் அபுல் முனீரோடு சேர்ந்து வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். சோனோ வடிகட்டி என்று பெயர்.

மின்சாரமே வேண்டாத கருவி அது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாளிகள். மணல், செங்கல் சல்லி, மரக்கரி. நடுவில் பக்குவப்படுத்திய இரும்புச் சீவல். லேத் பட்டறையில் சுருள் சுருளாக விழுமே, அந்தச் சாதி இரும்பு. மின்சாரம் இல்லாமல் எப்படி என்றால், துருப்பிடிப்பதே ஒரு மின்வேலைதான். ஒவ்வொரு சீவலும் தனக்குள் ஒரு குட்டி பேட்டரி. ஒரு பக்கம் இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைகிறது, மறுபக்கம் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. அந்த வடிகட்டிக்கு 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் கிரெய்ஞ்சர் பரிசு, 10 லட்சம் டாலர், கிடைத்தது. அதில் பெரும்பங்கை ஏழைகளுக்கு வடிகட்டிகளாகவே கொடுத்துவிடுவதாக ஹுஸ்ஸாம் அறிவித்தார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்களில் இதுவும் ஒன்று என்பது எங்கள் எண்ணம்.

வாளி ஒரு வீட்டுக்குப் போதும். ஒரு பள்ளிக்கூடத்துக்கோ தெருவுக்கோ போதாது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அசோக் காட்கிலும் அவருடைய மாணவர்களும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தப்தபி ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நிலையம் அமைத்தார்கள். நாளொன்றுக்கு 10,000 லிட்டர். நாம் தொடக்கத்தில் பார்த்த விற்பனையாளரின் தம்ளர்தான், தொட்டி அளவுக்குப் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகச் சாதாரண எஃகுத் தகடுகள், குறைந்த வோல்ட்டில் நேர்மின்சாரம். இரும்பு கரைகிறது, காற்று கலக்கிறது, துரு பிறக்கிறது, ஆர்செனிக் ஒட்டுகிறது. பிறகு நம் பாட்டிமார் குளத்துத் தண்ணீரைத் தெளிய வைத்த அதே படிகாரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் துருவெல்லாம் கீழே படிந்துவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் இருந்த தண்ணீர், எல்லையான 10க்கும் கீழே வந்தது.

மின்சாரத்தில் ஒரு வசதி உண்டு. எத்தனை இரும்பு கரைய வேண்டும் என்பதை ஸ்விட்சிலேயே வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கரைவது ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு; ஃபாரடே சொன்ன கணக்கு. மருந்துப் பொடியை அளந்து கொட்ட ஆள் தேவையில்லை. 250 மைக்ரோகிராம் வீதம் 10,000 லிட்டரில் இருக்கும் ஆர்செனிக் முழுவதும் சேர்ந்தால் இரண்டரை கிராம்தான், ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட இல்லை. ஆனால் அதைப் பிடிக்க நூறு மடங்குக்கும் மேலான இரும்பு வேண்டியிருக்கிறது. அந்தச் சேற்றை எங்கே போடுவது என்பதும் ஒரு கேள்வி. வயலிலோ குளத்திலோ கொட்டினால் பிடித்த நஞ்சு மறுபடி மண்ணுக்கே போகும். சேற்றைக் கான்கிரீட்டில் கலந்து கட்டிப்போடும் வழியையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் சென்னையிலும் ஒருவர் இருக்கிறார். ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் டி. பிரதீப். அவருடைய குழு, இரால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் மிக நுண்ணிய துருத்துகள்களை வளர்த்து, ஆர்செனிக்கின் இரண்டு வடிவங்களையும் பிடிக்கும் வடிகட்டிப் பொருள் ஒன்றைச் செய்தது. அம்ரித் என்று பெயர். 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் பெயரிலான சர்வதேசத் தண்ணீர் பரிசும் அவருக்குக் கிடைத்தது. நம் கடற்கரையில் குப்பையாகக் கிடக்கும் இரால் ஓட்டுக்கு இப்படியும் ஒரு மதிப்பு.

அளப்பது எப்படி, ஏமாறுவது எப்படி

"எங்களிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது, 300தான் காட்டுகிறது, நல்ல தண்ணீர்தான்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த மீட்டர் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும். அதாவது உப்பு. ஆர்செனைட்டுக்கு மின்சுமையே இல்லை என்று பார்த்தோம், ஆகவே அந்த மீட்டருக்கு அது இருப்பதே தெரியாது. ஆர்செனேட்டும் அகப்படாது, மீட்டர் எண் ஒன்று ஏற லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வேண்டும், வங்காளத்துக் கிணற்றின் 250 மைக்ரோகிராம் என்பது கால் மில்லிகிராம். நன்றாக உப்புக் கரிக்கும் தண்ணீரில் ஆர்செனிக் இல்லாமலிருக்கலாம், தேன்போல் இனிக்கும் தண்ணீரில் இருக்கலாம்.

காய்ச்சிக் குடித்தால் போகும் என்பதும் தவறு. கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சியதில் ஆர்செனிக்கின் செறிவு ஏறும். இரவு முழுதும் குடத்தில் வைத்துத் துரு படிந்த பின் மேல்தண்ணீரை எடுப்பது, இரும்பு நிறைய உள்ள தண்ணீரில் ஓரளவு குறைக்கும். நம்பி இருக்க முடியாது.

கிராமத்தில் கையோடு சோதிக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதன் வரலாறு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால், துத்தநாகம் கொடுக்கும் எலக்ட்ரான்களை வாங்கி ஆர்செனிக் ஒரு வாயுவாக வெளியேறும். 1840இல் பிரான்சில், கணவருக்கு விஷம் வைத்ததாக மரீ லஃபார்ஜ் என்ற பெண்மணி மீது வழக்கு. பாரிஸிலிருந்து ஓர்ஃபிலா என்ற மருத்துவ அறிஞர் வந்து, இந்த முறையால் உடலில் ஆர்செனிக்கைக் காட்டினார். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட வழக்கு. இன்றைய சோதனைப் பெட்டியும் அதே குடும்பம்தான். வாயு மேலே வந்து மருந்து தடவிய காகிதத்தில் படும். வெள்ளை, மஞ்சளாகிப் பழுப்பாகும். நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். வாயு நச்சு என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். தோராய அளவுதான் தெரியும். 10க்கு மேலா கீழா என்று உறுதியாகச் சொல்ல ஆய்வகம் தேவை.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரு நுணுக்கம். சாதாரணப் பாட்டிலில் பிடித்து நான்கு நாள் வைத்தால், தண்ணீரிலுள்ள இரும்பு பாட்டிலுக்குள்ளேயே துருவாகி, ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு சுவரில் ஒட்டிவிடும். அறிக்கை "இல்லை" என்று வரும்; கிணற்றில் இருக்கும். அதனால்தான் ஆய்வகம் தரும் பாட்டிலில் சில சொட்டு அமிலம் இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து யாரும் கழுவிவிடக் கூடாது.

நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம். புதுச்சேரி நகரம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கதைக்குச் சாட்சியாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. நம் மண் கங்கைச் சமவெளி மண் அல்ல; இங்கே பேசப்படும் கவலை கடல்நீர் உள்ளே ஏறி உப்பாவதுதான். ஆகவே இதைப் படித்துவிட்டு முல்லா வீதியிலோ சுல்தான்பேட்டையிலோ யாரும் பதற வேண்டியதில்லை. சொந்த ஆழ்குழாய் வைத்துக் குடிப்பவர்கள் ஒரு தடவை என்.ஏ.பி.எல். அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் சோதித்துவிடுவது நல்லது. "சாதாரணச் சோதனை" என்று கொடுத்தால் உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று பார்த்து முடித்துவிடுவார்கள். ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இடையில் இன்னொன்று: மீனில் ஆர்செனிக் இருக்கிறதாமே என்று சிலர் பயப்படுகிறார்கள். மீனிலும் இராலிலும் இருப்பதில் பெரும்பகுதி வேறு வடிவம். உடலில் தங்காமல் சிறுநீரோடு போய்விடும். ஆர்செனிக்குக்காகச் சிறுநீர்ச் சோதனை செய்ய நேர்ந்தால் மட்டும், அதற்கு முந்தைய சில நாள் மீனைத் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை பயமுறுத்தும்.

இனி, கிணறு போடப் பணம் தருபவர்களுக்கு.

வங்காளம், பீகார், அசாம் பக்கம் கிணறு என்றால் பெயர்க்கல்லின் புகைப்படம் மட்டும் கேட்காதீர்கள். பம்பின் படம் எந்தத் தண்ணீரையும் காட்டாது. ஒரே தெருவில் ஒரு கிணறு 5 மைக்ரோகிராமும் ஐம்பது அடி தள்ளி இன்னொன்று 200ம் காட்டுவது அங்கே சாதாரணம். பக்கத்து வீட்டு அறிக்கை நம் கிணற்றுக்குச் செல்லாது. வங்காளத்தில் ஆபத்து அதிகம் மேல்மட்டத்து மணலில். 150 மீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஆனால் செலவு பல மடங்கு. பத்து ஆழமில்லாத கிணறு என்று எண்ணிக்கை காட்டுவதைவிட, சோதித்த ஒரே ஓர் ஆழ்கிணறு மேல் என்றுதான் நாங்கள் சொல்வோம். வடிகட்டி நிலையம் என்றால், ஐந்து வருடத்துக்கு யார் தகடு மாற்றுவது, யார் சேற்றை அள்ளுவது, யாருக்குச் சம்பளம் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். திறப்பு விழாவோடு பூட்டிக்கிடக்கும் நிலையங்கள் அந்தப் பக்கம் குறைவல்ல.

இன்று நல்ல தண்ணீர் தரும் கிணறு நாளையும் தரும் என்று சொல்ல முடியாது என்பதால், வருடத்துக்கு ஒரு முறை மறுசோதனைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். நம் அறக்கட்டளை வழியாகத் தருபவர்கள் தண்ணீரின் ஆர்செனிக் அளவு, சோதித்த நாள், ஆழம் ஆகிய மூன்றும் உள்ள தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது வந்த பிறகே துளை போட்டவருக்குக் கடைசித் தவணை.